வழக்கு பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கட்டும்

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு பெண் வழக்குரைஞரின் மனு வந்தது. கல்லூரிக் காலத்தில் அவரோடு நெருங்கிப் பழகியவர் எடுத்த அந்தரங்கக் காணொளிகள் பல ஆபாச இணையதளங்களில் பரவிக் கிடந்தன. காவல் துறை வழக்குப் பதிந்திருந்தது. படங்கள் மட்டும் இறங்கவில்லை. அவற்றை 48 மணி நேரத்துக்குள் முடக்கும்படி மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். ஆண் காவலர்கள் சூழ்ந்திருக்க, காணொளியில் இருப்பவரை அடையாளம் காட்டும்படி அந்தப் பெண்ணிடமே கேட்ட விசாரணை முறையையும் அவர் கடுமையாகக் கண்டித்தார். முடக்கிய காணொளி வேறு தளங்களில் மறுபடியும் தலைகாட்டியதால் வழக்கு அத்தோடு முடியவில்லை. அதன் தொடர்ச்சியாக, இத்தகைய படங்களை அகற்றுவதற்கான செயல்முறை ஒன்றை அமைச்சகம் நவம்பரில் வெளியிட்டது. சட்டம் படித்து, அதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் தன் படத்தை இறக்குவதற்கு உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்தை நாட வேண்டியிருந்தது. அறந்தாங்கியிலோ ஆண்டிபட்டியிலோ இருக்கும் ஒரு கல்லூரி மாணவி, அல்லது திருப்பூர் பின்னலாடை நிறுவனத்தில் வேலை செய்யும் ஒரு பெண் இதே கொடுமைக்கு ஆளானால் எந்த வாசலில் போய் நிற்பார்?

காவல் நிலையம் என்பதுதான் இன்று நாம் தரும் ஒரே பதில். குற்றவியல் சட்டத்தில் பிரிவுகளுக்குப் பஞ்சமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு ஒருவரின் உடலின் அந்தரங்கப் பகுதியை அவர் சம்மதமின்றிப் படமெடுத்துப் பரப்புவதைத் தண்டிக்கிறது. 67, 67-ஏ பிரிவுகள் ஆபாசப் பொருளை வெளியிடுவதைத் தண்டிக்கின்றன. 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவாக இருக்கும் சட்டம் ஒரு முக்கியமான உண்மையை ஏற்றுக்கொண்டிருக்கிறது: படமெடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதைப் பரப்ப அவர் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றம். ஆனால் இந்தப் பிரிவு பெண்ணின் படத்துக்கு மட்டுமே காவல் நிற்கிறது. ஆணோ திருநங்கையோ பாதிக்கப்பட்டால் வேறு பிரிவுகளைத் தேட வேண்டியிருக்கிறது. குற்றவியல் வழக்கின் தன்மையே இன்னொரு சிக்கல். அங்கே வழக்கை நடத்துவது அரசு. பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி. எந்தப் பிரிவில் பதிவது, எப்போது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது என எதையும் அவர் தீர்மானிப்பதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு காவல் நிலையத்தில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள் என்பது எல்லோரும் அறிந்ததே. ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்ற உயர்ந்த அளவுகோல் வேறு. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் முன் அந்த அளவுகோல் இருந்தே ஆக வேண்டும். அதைத் தளர்த்தச் சொல்பவன் அல்ல நான். ஆனால் ஒரு படத்தை இறக்குவதற்கும் அதே அளவுகோல் எதற்கு?

விரைவாக முடிந்த குற்ற வழக்குகளும் உண்டு. மேற்கு வங்கத்தின் பூர்வ மேதினிப்பூர் மாவட்ட நீதிமன்றம் ஒன்று, காதலியின் அந்தரங்கக் காணொளியை இணையத்தில் ஏற்றிய இளைஞருக்கு 2018 மார்ச்சில் 5 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இழப்பீடு வழங்குவதற்காக அந்தப் பெண்ணைப் பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவருக்கு இணையாகக் கருத வேண்டும் என்றும் அரசுக்குச் சொன்னது. ஆனால் அது விதிவிலக்கு. பாலியல் வன்கொடுமையைப் படமெடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கு 2019-ல் வெளிச்சத்துக்கு வந்தது. ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை என்ற தீர்ப்பு 2025 மே மாதம்தான் வந்தது. நாடே கவனித்த, மத்தியப் புலனாய்வுத் துறை நடத்திய வழக்குக்கே ஆறு ஆண்டுகள். அந்த வழக்கின் தொடக்கத்தில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை அதிகாரிகளே வெளியிட்டார்கள் என்பதையும், அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு உத்தரவிட்டதையும் மறந்துவிடக் கூடாது. புகார் கொடுத்தால் பெயர் வெளியே போகும் என்ற அச்சம் கற்பனையானது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பாதிக்கப்பட்டவருக்கு உடனடியாகத் தேவைப்படுபவை என்னவென்று பார்த்தால் இந்த இடைவெளி புலப்படும். படம் இறங்க வேண்டும்; இறங்கியது மீண்டும் ஏறக் கூடாது. எதிராளியின் கைப்பேசியிலும் கணினியிலும் இருக்கும் பிரதிகள் அழிய வேண்டும். தன் பெயர் வெளியே வரக் கூடாது. விட்டுப்போன படிப்பு, இழந்த சம்பளம், மனநல மருத்துவச் செலவு ஆகியவற்றை ஈடுகட்டப் பணம் வேண்டும். தண்டனை வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் பலர் அதை இவற்றுக்குப் பிறகே கேட்கிறார்கள். இவை யாவும் உரிமையியல் நீதிமன்றம் வழங்கக்கூடிய நிவாரணங்கள். எனவேதான், குற்றவியல் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பாதிக்கப்பட்டவரே வாதியாக இருந்து வழக்கை நடத்தும் தெளிவான உரிமையியல் சட்டம் ஒன்று நமக்கு வேண்டும் என்கிறேன்.

இதற்கான அடித்தளம் நம் மண்ணின் வழக்கொன்றிலேயே இருக்கிறது. ‘நக்கீரன்’ இதழ் கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது தொடர்பான ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரிகையை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்ற பகுதிக்காகத்தான் அந்தத் தீர்ப்பு பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் அதே தீர்ப்பில், ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை போன்ற அந்தரங்க விஷயங்களை அவர் சம்மதமின்றி வெளியிடுபவர், அது உண்மையானாலும் பொய்யானாலும், இழப்பீட்டு வழக்குக்குப் பொறுப்பாவார் என்று நீதிபதி பி.பி.ஜீவன் ரெட்டி தலைமையிலான அமர்வு தெளிவாகச் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக உறுதிசெய்தது. அப்படியிருந்தும், தன் அந்தரங்கப் படத்தைப் பரப்பியவர் மீது இழப்பீட்டு வழக்குப் போடலாம் என்பது மாவட்ட நீதிமன்றங்களில் இன்னமும் பழக்கத்துக்கு வரவில்லை. தீர்ப்பில் இருக்கும் ஒரு கோட்பாடு, சட்டப் புத்தகத்தில் பிரிவு எண்ணோடு இருக்கும் உரிமையைப் போல மக்களிடம் போய்ச் சேர்வதில்லை.

இருக்கிற கருவிகளைச் சொல்லியாக வேண்டும். இன்று அல்லல்படுபவர் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், ஒன்றைச் செய்யாதே என்று தடுக்கவும் செய் என்று கட்டளையிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் கட்டளைப்படி, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போகும் முன்பே இடைக்காலத் தடையாணை பெறலாம். யார் ஏற்றினார் என்று தெரியாத நிலையில், பெயர் தெரியாத பிரதிவாதிகள் மீதும் தடை விதிக்கும் வழக்கம் திரைப்படத் திருட்டு வழக்குகளில் ஊன்றிவிட்டது. ஒரு படத்தின் வசூலைக் காக்க விரைந்து பயன்படும் அந்த ஆணை, ஒரு மனிதரின் மானத்தைக் காக்கவும் அதே வேகத்தில் பயன்பட வேண்டாமா? கணவரோ, ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த துணைவரோ படத்தை வைத்து மிரட்டினால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அருமையான வழி. பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் பாலியல் தன்மையுள்ள எந்த நடத்தையும் அச்சட்டத்தில் வன்முறைதான். பாதுகாப்பு ஆணை, இழப்பீடு, மூடிய அறையில் விசாரணை எல்லாம் அதில் உண்டு. ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை. ஆனால் சேர்ந்து வாழாத காதலர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது; மிரட்டல்களில் பெரும்பங்கு அங்கிருந்துதானே வருகிறது. கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்த கடையில் படங்கள் திருடப்பட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்கீழ் தீர்ப்பு அதிகாரியிடம் 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கேட்கலாம். நம்பிக்கையோடு அவரே அனுப்பிய படம் என்றால் அந்தப் பிரிவு எளிதில் கைகொடுக்காது.

ஆக, துண்டுதுண்டாக வழிகள் இருக்கின்றன. சேர்ந்த பாதை இல்லை. துண்டுகளுக்கு நடுவே தடைகளும் இருக்கின்றன. இழப்பீட்டு வழக்குக்குக் கோரும் தொகையின் விகிதத்தில் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2017-ல் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தார்கள். அப்படியும் 10 லட்சம் கேட்டால் 30,000 ரூபாய். பெண்களுக்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் இருக்கிறது, நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெயரைக் காப்பதிலோ நிலைமை இன்னும் மோசம். பாலியல் வன்புணர்வு வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்னும் சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு, அந்தரங்கப் படத்தைப் பரப்பும் 77-ஆம் பிரிவுக் குற்றத்தை உள்ளடக்கவில்லை. உரிமையியல் வழக்கில் வாதியின் பெயரை மறைக்கும் உரிமை எந்தச் சட்டத்திலும் வெளிப்படையாக இல்லை. நீதிபதியின் உள்ளார்ந்த அதிகாரத்தையும் மனத்தையும் பொறுத்தது அது. படத்தை மறைக்கக் கேட்டு வழக்குப் போட்டால் பெயர் இணையத்தில் வழக்குப் பட்டியலாக ஏறும் என்றால், எவர்தான் வருவார்? 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கைகொடுக்கவில்லை. அதன்படி விதிக்கப்படும் அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து ஒரு காசும் இல்லை.

பிற நாடுகள் இந்த இடத்தைக் கடந்துவிட்டன. கனடாவின் மனிடோபா மாகாணம் 2016-லேயே, அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பரப்புவதை இழப்பீட்டுக்குரிய தீங்காக அறிவித்தது. பிரிட்டிஷ் கொலம்பியா இன்னும் தெளிவாகச் செய்தது: 2024 ஜனவரி முதல் அங்கே பாதிக்கப்பட்டவர் இணையவழித் தீர்ப்பாயத்துக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பித்து அகற்றும் ஆணை பெறலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். செயற்கை நுண்ணறிவால் ஒட்டியெடுத்த பொய்ப் படமும் சட்டத்துக்குள் வரும். ஆணையை மீறும் தளங்களுக்கு நாள் கணக்கில் அபராதம். 2025-ல் எக்ஸ் நிறுவனம் ஒரு படத்தைக் கனடாவில் மட்டும் மறைத்து உலகின் பிற பகுதிகளில் விட்டுவைத்தபோது, அத்தீர்ப்பாயம் அதற்கு ஒரு லட்சம் கனடிய டாலர் அபராதம் விதித்தது. அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல் கூட்டாட்சிச் சட்டத்தின்படியே வழக்குத் தொடுக்கலாம். நேரிட்ட இழப்பைக் கணக்குக் காட்ட முடியாதவர் 1,50,000 டாலரை நிர்ணயித்த இழப்பீடாகக் கேட்கலாம், புனைபெயரில் வழக்காடலாம். மேற்கு ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் 2015-ல், முகநூலில் காதலியின் படங்களை ஏற்றியவர் 48,404 ஆஸ்திரேலிய டாலர் தர வேண்டும் என்றது. அதில் 13,404 டாலர் அவமானத்தால் வேலைக்குப் போக முடியாமல் அந்தப் பெண் இழந்த சம்பளம். இந்தக் கணக்கை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மானம் போயிற்று என்று ஊர் சொல்வதை, சம்பளம் போயிற்று என்று நீதிமன்றம் பதிவு செய்கிறது. அப்போதுதான் தீங்கு செய்தவர் பக்கம் கடன் ஏறுகிறது.

ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2015 அக்டோபரில் தந்த தீர்ப்பை நம் சட்டமன்றங்கள் கூர்ந்து படிக்க வேண்டும். உறவு இருந்த காலத்தில் சம்மதத்தோடு எடுத்த அந்தரங்கப் படங்களை, உறவு முறிந்தபின் அந்த ஆண் அழித்துவிட வேண்டும் என்று அது தீர்ப்பளித்தது. அவர் எதையும் பரப்பவில்லை. பரப்புவதாக மிரட்டியதாகவும் வழக்கில்லை. ஒருவரின் அந்தரங்கப் படத்தைக் கையில் வைத்திருப்பதே அவர்மீது ஓர் ஆதிக்கம் என்பதை அந்த நீதிமன்றம் புரிந்துகொண்டது. குற்றவியல் சட்டத்தால் இந்த இடத்துக்குப் போகவே முடியாது. குற்றம் நடந்தபின்தான் அது விழிக்கும். “அவள் ஏன் எடுக்கவிட்டாள்?” என்று கேட்பவர்களுக்கும் இதில் விடை இருக்கிறது. இருவர் தங்களுக்குள் வைத்துக்கொண்ட நம்பிக்கைக்கு எல்லை உண்டு. அந்த எல்லையை நம்பிக் கொடுத்தவரே வகுப்பார். எடுக்கவிட்டது பகிர்வதற்கான உரிமம் ஆகாது. நம்பியவரைக் குற்றவாளியாக்கும் இந்தக் கேள்வி நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் கேட்கப்படவே கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும்.

உரிமையியல் வழக்கு என்றாலே வாய்தாதானே, பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும் என்பார்கள். இறுதித் தீர்ப்பைப் பொறுத்தவரை இந்தக் குறை உண்மை. ஆனால் இங்கே உயிர்நாடி இடைக்கால ஆணைதான். அது ஒரே நாளில் கிடைக்கக்கூடியது. ஒருதலையாகத் தடையாணை தந்தால் அந்த மனுவை 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று நடைமுறைச் சட்டமே சொல்கிறது. 2021-ஆம் ஆண்டின் இடைநிலை நிறுவனங்களுக்கான விதிகள், பாதிக்கப்பட்டவர் நேரடியாகப் புகார் தந்தாலே 24 மணி நேரத்தில் படத்தை நீக்க வேண்டும் என்று வகுத்தன. நீக்காத நிறுவனத்திடம் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க நேரான வழி இருந்தால்தான் அந்த விதிக்குப் பல் முளைக்கும். ஒவ்வொரு இணைய முகவரியாகத் தேடித் தேடி நீதிமன்றத்துக்குத் திரும்பி வரும்படி பாதிக்கப்பட்டவரை அலைக்கழிக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் சொன்னது. தேடுபொறி நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போயின. ஒரு படத்துக்கு எண்ணியல் கைரேகை எடுத்து, அதே படம் எங்கு ஏறினாலும் தடுக்கும் தொழில்நுட்பம் 2021 முதல் பொதுமக்களுக்கே கிடைக்கிறது. முடியாது என்ற பேச்சு இனி நிற்காது.

பணம் இல்லாத இளைஞன் மீது வழக்குப் போட்டு என்ன பயன் என்பதும் பொருட்படுத்த வேண்டிய ஆட்சேபம். 2023-ல் டெக்சாஸ் நடுவர் குழு ஒன்று இத்தகைய வழக்கில் 120 கோடி டாலர் வழங்கச் சொன்னது. அந்தத் தொகை முழுதாக வசூலாகும் என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் சம்பளத்தில் ஒரு பகுதியை ஜப்தி செய்ய நம் சட்டம் அனுமதிக்கிறது. படிப்பு முடித்து வேலைக்குப் போகும் நாளிலும் தீர்ப்பு அவரைத் தொடரும். பணத்தைப் பேசினால் குற்றம் நீர்த்துப்போகும், கட்டப்பஞ்சாயத்து உள்ளே வரும் என்று பெண்ணுரிமை அமைப்புகளிலேயே சிலர் அஞ்சுவார்கள். அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் கட்டப்பஞ்சாயத்து இன்று இல்லாமலா இருக்கிறது? ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கைப்பேசியை உடைத்துவிட்டு, ‘பிரச்சினையை விட்டுவிடு’ என்று சொல்லி முடிக்கிறார்கள். இணையக் கணக்கில் ஏற்றிவைத்த பிரதி எங்கேயோ இருக்கிறது. நீதிமன்றத்தில் பதிவான சமரசத்தில், எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட்டேன் என்ற உறுதிமொழி இருக்கும். மீறினால் சிறை உண்டு. குற்ற வழக்கு தனியே நடக்கட்டும். ஒன்றை நாடியதால் மற்றொன்று அடைபடக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

கருத்துரிமைக்கு ஆபத்து வரும் என்ற ஆட்சேபத்துக்கு ராஜகோபால் தீர்ப்பே விடை. பத்திரிகைச் சுதந்திரத்தை அவ்வளவு உறுதியாகக் காத்த அதே தீர்ப்புதான் தனிமனிதருக்கு இழப்பீட்டு உரிமையையும் தந்தது. பொது ஊழியரின் அலுவல் நடத்தை, பொது ஆவணங்கள், பொதுநலன் சார்ந்த செய்தி ஆகியவற்றுக்கு விலக்களித்துச் சட்டம் எழுதலாம். ஒருவரின் நிர்வாணத்தை அவர் சம்மதமின்றிக் காட்டுவதில் காக்க வேண்டிய கருத்து எதுவும் இல்லை. பொய் வழக்குகள் வரும் என்பவர்களுக்கும் சொல்லலாம்: வெளியிட்டது யார், சம்மதம் இருந்ததா என்ற இரண்டே கேள்விகள்தான் இங்கே. சம்மதம் இருந்தது என்று சொல்பவர் அதைக் காட்டட்டும்.

இச்சட்டத்துக்காக டெல்லியைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. இழப்பீட்டு வழக்குக்கு இடமளிக்கும் தீங்குகள் என்ற பொருள் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் 8-ஆவதாக இருக்கிறது. உரிமையியல் நடைமுறை 13-ஆவதாக. எனவே தமிழ்நாடு சட்டப்பேரவையே இச்சட்டத்தை இயற்றலாம்; மத்தியச் சட்டத்தோடு முரண் எழும் இடத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றுக்கொள்ளலாம். பாலின வேறுபாடின்றி எவரும் வழக்குத் தொடுக்கும் உரிமை, முதல் தாளிலிருந்தே மறைபெயர், நீதிமன்றக் கட்டண விலக்கு, மாவட்டத் தலைநகரிலேயே 24 மணி நேரத்தில் அகற்றும் ஆணை, இழப்பைக் கணக்குக் காட்டாமலே பெறக்கூடிய குறைந்தபட்ச இழப்பீடு, பிரதிகளை அழிக்கும் கட்டளை, பொய்யாக உருவாக்கிய படங்களுக்கும் அதே பொறுப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். அரசு கொண்டுவராவிட்டால், எந்தக் கட்சியைச் சேர்ந்த உறுப்பினரும் தனிநபர் மசோதாவாக இதைப் பேரவையில் வைக்கலாம். அடுத்த கூட்டத்தொடரில் அதை யாரேனும் ஒருவர் வைக்க வேண்டும்.